பிரெயினை மிதிக்காதீர்

எங்கள் அக்கா பாக்கியலட்சுமியின் வீட்டுக்காரர் வெற்றிவேல், கார் ஓட்டுவதில் புதுச்சேரி நெல்லித்தோப்பு முழுக்கப் பேர் வாங்கியவர். அவர் ஓட்டியதெல்லாம் வீடியோ கேம் கார் என்பதை ஊர் மெல்ல மெல்ல மறந்துவிட்டது. அவரும் ஞாபகப்படுத்தவில்லை. நிஜக் காரின் முன் சீட்டில் அவர் உட்கார்ந்ததே என் கல்யாணத்தன்றுதான். அன்றும் சும்மா வரவில்லை.

"வளைவுல எதுக்குப்பா ஸ்லோ பண்ற? அழுத்து. வண்டி தானா திரும்பும்" என்று வழியெல்லாம் டிரைவருக்குப் பாடம் எடுத்தார். அந்த ஆள் எங்களை மண்டப வாசலில் இறக்கிவிட்டதும் பந்தியில்கூட உட்காராமல் போய்விட்டான்.

மாமாவைக் கிண்டல் செய்ய மச்சானுக்கு உரிமை உண்டு, ஆகவே தாராளமாகச் சொல்கிறேன். மனிதர் தங்கம். ஆனால் ஒரு விஷயம் தனக்குத் தெரியாது என்று வாய்விட்டுச் சொன்னால் பல் கொட்டிவிடும் என்று நினைக்கிற ரகம். இந்தக் கதையில் வரும் அத்தனை தொல்லைக்கும் அதுதான் ஆணிவேர்.

மாமாவின் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடியதும் பிள்ளைகள் திசைக்கொருவராகத் தொழில் தேடிக்கொண்டார்கள். மாமா நெல்லித்தோப்பில் ஒரு சின்ன இடம் பிடித்து 'வெற்றி வீடியோ கேம்ஸ்' என்று போர்டு மாட்டினார். டிவியில் மாட்டி ஆடும் பெட்டிகள் சில இருந்தன. ஆனால் கடைக்குப் பேர் வாங்கித் தந்தது ஒரு ரேஸ் மெஷின். பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா குடும்பம், அங்கே நடத்திய காப்பிக்கடையை மூடிவிட்டு எல்லாச் சாமான்களையும் கப்பலேற்றிக்கொண்டு ஊர் திரும்பியது. சோபா, அலமாரி, குடை வைக்கிற ஜாடி உட்பட எல்லாம் வீட்டுக்குள் போயின. இந்த மெஷினை மட்டும் அந்த வீட்டு அம்மாள் வாசற்படி ஏற்றவில்லை. மாமா அதைத் தள்ளுவண்டியில் வைத்துக் கட்டி, ஊர்வலம் மாதிரி தெருத்தெருவாகக் கடைக்குக் கொண்டுவந்தார்.

சிவப்புக் கூண்டு, உள்ளே ஒரு இருக்கை, ஒரு ஸ்டீயரிங், காலடியில் இரண்டு மிதி. அவ்வளவுதான். உட்கார்ந்தால் திரையில் ஒரு மஞ்சள் கார் கடலோரச் சாலையில் பறக்கும். எதிலாவது இடித்தால் கார் ஆகாயத்தில் குட்டிக்கரணம் போட்டு, அலுங்காமல் குலுங்காமல் ரோட்டின் நடுவில் வந்து நிற்கும். யாருக்கும் அடிபடாது, போலீஸ் வராது, வீட்டில் திட்டு விழாது. அதைவிட நல்ல வாகனத்தை இந்த உலகம் இன்னும் செய்யவில்லை என்பது என் அபிப்பிராயம்.

மெஷினில் எழுதியிருந்ததெல்லாம் பிரெஞ்சு. அங்கேதான் மாமாவின் பல் பிரச்சினை வந்தது. திரையின் மேலே டி, ஈ, எம், பி, எஸ் என்று எழுதி, பக்கத்தில் ஒரு எண் குறைந்துகொண்டே போகும். "இது என்னாண்ணா?" என்று பையன்கள் கேட்டார்கள். மாமா கண் இமைக்காமல் சொன்னார்: "தெம்பு. வண்டிக்கு எவ்ளோ தெம்பு இருக்குன்னு காட்டுது." பாதையில் ஒரு வளைவாசலைத் தாண்டினால் எண் கூடும். அன்றிலிருந்து நெல்லித்தோப்பில் அதற்குப் பேர் தெம்பு ஏறுவது.

இரண்டு மிதிகளில் வலது பக்கத்தது ஆக்ஸிலரேட்டர் என்று எழுத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. இடது பக்கத்து மிதியில் எஃப், ஆர், ஈ, ஐ, என் என்றிருந்தது. மாமா எழுத்துக்கூட்டிப் பார்த்தார். ஃப்ரெயின். அதாவது பிரெயின். அதாவது மூளை.

"மெஷினோட மூளை இங்கதான்டா இருக்கு" என்று அறிவித்தார். ஒருவன் ஆர்வக்கோளாறில் அதை மிதித்தான். பறந்துகொண்டிருந்த கார் பொசுக்கென்று தவழ ஆரம்பித்தது. "பாத்தியா? மூளை மேல கால வச்சா மந்தமாயிடும்ல? இதென்ன, புஸ்தகத்த மிதிக்கிற மாதிரி. தொட்டுக் கும்பிடுடா" என்று அதட்டினார். அவனும் குனிந்து மிதியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மறுநாளே மாமா அதன்மேல் ஒரு பலகையை வைத்து ஆணி அடித்தார். பிரெஞ்சு எழுத்தும் பலகைக்குள் போய்விட்டது. மேலே ஒரு அட்டை: 'பிரெயினை மிதிக்காதீர். மீறினால் வெளியேற்றப்படுவீர்.' ஆயுத பூஜைக்கு அந்தப் பலகைக்குத்தான் முதல் சந்தனம், குங்குமம்.

இப்படியாக எங்கள் பகுதியில் ஒரு தலைமுறையே ஒற்றை மிதியில் கார் பழகியது. வளைவு வந்தால் உடம்பையே சாய்ப்பார்கள். நேரே வந்தால் பல்லைக் கடிப்பார்கள். கலங்கரை விளக்கம் ஒன்று திரையில் தெரியும் இடத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவு வரும். அதை யாராலும் தாண்ட முடிந்ததில்லை, மாமாவாலும்தான். எல்லோரும் அங்கே போய் முட்டிக் குட்டிக்கரணம் போட்டுத் தெம்பு தீர்ந்து செத்தார்கள். அதற்கு அப்பால் எதுவும் கிடையாது என்றே நம்பினோம். அந்தப் பையன்களில் நிறையப் பேர் வளர்ந்து இப்போது ஊரில் ஆட்டோவும், ஆள் ஏற்றுகிற டெம்போவும் ஓட்டுகிறார்கள். புதுச்சேரிச் சாலைகளில் நடப்பதை இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

பிறகு போன் வந்தது. பையன்கள் ஒவ்வொருவராகக் குனிந்த தலையோடு வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அதிலும் காரை விட்டுவிட்டுத் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டார்கள். மாமா கடையில் ஈ ஓட்டினார். அதற்கு லைசென்ஸ் தேவைப்படவில்லை.

ஒருநாள், மாலில் புதிதாக ரேஸ் கேம் கூடம் திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "என்னதான் இருந்தாலும் கார் ரேஸுக்குக் கூட்டம் வரும் மச்சான். பாத்துட்டு வந்து நம்ம கடையையும் மாத்திடலாம்" என்றார். அங்கே பெரிய வளைந்த திரை, நிஜக் காரின் சீட்டு. மாமா உரிமையோடு ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தார். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பையன் ஓடிவந்தான்.

"அங்கிள், மொதல்ல அக்கவுண்ட் ஓபன் பண்ணணும்."

"நான் கார் ஓட்ட வந்தேன். நீ என்ன பேங்க்கா வச்சிருக்க?"

"இல்ல அங்கிள், உங்க பேர்ல டேட்டா சேவ் ஆவும். அப்பறம் டயர் செலக்ட் பண்ணுங்க. ட்ரையா, வெட்டா?"

"ரேஸுக்கு வந்தவன டயர் கடைக்கு அனுப்புறியே!"

எல்லாம் முடிந்து பெல்ட் போட்டு, கிளட்ச்சை அமுக்கி, கியர் போட வேண்டும் என்றான். காலடியில் மூன்று மிதிகள். மாமா ஆக்ஸிலரேட்டரை மட்டும் அமுக்கினார். வண்டி உறுமியதே தவிர ஒரு அங்குலம் நகரவில்லை. பக்கத்து சீட்டில் ஒரு இளைஞன் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, இன்ஜின் சூடாகிவிட்டதா என்று பார்த்துப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டில் டயர் தேய்வதும் பெட்ரோல் தீர்வதும் போதாதா? அதை மறக்கத்தானே கேம் ஆடுவது? இவர்கள் விளையாட்டையும் ஆபீஸ் வேலை ஆக்கிவிட்டார்கள்.

மாமா இறங்கி வந்தார். கொஞ்ச காலத்தில் கடையை மூடினார். மற்ற பெட்டிகளை யாரோ எடுத்துப் போனார்கள். ரேஸ் மெஷினை எடைக்குப் போட மனம் வராமல் வீட்டுக் கூடத்தில் பிரிட்ஜ் பக்கத்தில் நிறுத்தினார். அக்கா அதன்மேல் ஈரத்துணி காயப்போட ஆரம்பித்தாள்.

துணிக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் அக்காவின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அக்கா அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் மாமாவுக்கு உறைத்தது. தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்கு ஐஸ் போடும் அன்பழகன் அவருடைய பழைய சிநேகிதர். மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்தபோது அவர் வீட்டுக்கு வந்தார்.

"வெற்றி, தடை முடிஞ்சா போட்டெல்லாம் கடலுக்குப் போவும். என் ஐஸ் வேனுக்கு ஒரு ஆளு வேணும். ஓட்டறதுல ராஜா நீ இருக்கும்போது நான் எதுக்கு வெளிய தேடணும்? லைசென்ஸ மட்டும் கொண்டாந்து காட்டு."

தெரியாது என்று சொல்ல அது நல்ல சந்தர்ப்பம். மாமா சொன்னார்: "பீரோல எங்கியோ வச்சிருக்கேன். தேடி எடுத்தாறேன்."

அன்பழகன் போனதும் அக்கா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "இல்லாதத எந்த பீரோல போயி தேடுவீங்க? தடை முடியறதுக்குள்ள லைசென்ஸ் வாங்கிட்டு வந்து அவரு கையில குடுங்க. இல்ல, எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு ஊருக்கே சொல்லிடுங்க."

இரண்டாவதைச் சொல்வதைவிட உயிரை விடுவார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவருக்கு மிச்சமிருந்த ஒரே சொத்து அந்தப் பேர்தான்.

ஊருக்குத் தெரியாமல் டெஸ்டுக்குப் போனார். முதல் தடவை மைதானத்தில் வைத்திருந்த கூம்புகளில் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. இடித்த பிறகும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அமைதியாகக் காத்திருந்தாராம், யாரோ தூக்கி நடுவில் வைப்பார்கள் என்பது போல. அடுத்த தடவை நிற்கச் சொன்ன கோட்டைத் தாண்டி, அங்கே வைத்திருந்த தண்ணீர்ப் பந்தல் வரைக்கும் போய்விட்டார். பானை தப்பியது.

கடைசியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டேன். நடத்துகிறவர் அமுதவல்லி, என் வயதுப் பெண்மணி. அங்கேயும் பழகுவதற்கு ஒரு மெஷின் இருந்தது. திரை, சீட்டு, ஸ்டீயரிங். பார்த்ததும் மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. உட்கார்ந்த வேகத்தில் அழுத்தினார். திரையில் ஒரு பள்ளிக்கூடம், ஒரு பசுமாடு, ஒரு கல்யாண ஊர்வலம் எல்லாம் வரிசையாக அடிபட்டன. மெஷினுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "தயவுசெய்து பிரேக்கை அழுத்தவும்" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தது.

"அண்ணா, பிரேக்க ஏன் மிதிக்க மாட்டேங்கறீங்க?" என்று அமுதவல்லி கேட்டார்.

"கால் போவ மாட்டேங்குதும்மா."

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. கிட்ட போயி நின்னுடுது. ஏதோ சாமி சமாச்சாரம் மாதிரி."

ஒரு வாரம் பார்த்தார் அமுதவல்லி. நிஜக் காரிலும் அதே கதை. பழகுகிற காரில் சொல்லித்தருபவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அதை மிதித்து மிதித்து அமுதவல்லியின் செருப்புத்தான் தேய்ந்தது. "இவரு ஓட்டக் கத்துக்கிட்ட எடத்த நான் பாக்கணும்" என்று என்னோடு புறப்பட்டு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார்.

அக்கா அவசரமாக மெஷின் மேல் கிடந்த துணிகளை அள்ளினாள். அமுதவல்லி குனிந்து அட்டையைப் படித்தார். "பிரெயினை மிதிக்காதீர். இது என்னாண்ணா?"

மாமா விளக்கினார். மூளையின் மகிமையையும், பலகை அடித்த காரணத்தையும், பூஜை செய்த முறையையும் சொன்னார். அமுதவல்லி ஒரு ஸ்குரூ டிரைவர் கேட்டார். பலகை பெயர்ந்தது. சந்தனத் தூளும் தூசியுமாக ஒரு மிதி வெளியே வந்தது. துடைத்து எழுத்தைப் படித்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அண்ணா, இது பிரெயின் இல்ல. ஃப்ரேன். நான் ஸ்கூல்ல பிரெஞ்சு படிச்சவ. பிரேக்குக்குப் பிரெஞ்சுல இதுதான் பேரு."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா மிதியைப் பார்த்தபடி மெல்லக் கேட்டார்: "அப்ப, தெம்பு?"

"எங்க, எழுத்தச் சொல்லுங்க." மாமா ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். "அத 'தாம்'னு படிக்கணும்ணா. அப்படின்னா டைம்."

"அது மட்டும் தெம்புதான்மா" என்றார். அதில் விட்டுக்கொடுக்கவில்லை.

"சரி, உக்காந்து ஓட்டுங்க. வளைவு வந்தா இத மிதிங்க" என்றார் அமுதவல்லி. மாமா உட்கார்ந்தார். முதலில் குனிந்து மிதியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மஞ்சள் கார் பறந்தது. கலங்கரை விளக்கம் தெரிந்ததும் நான்கூட வழக்கம்போல உடம்பைச் சாய்த்துவிட்டேன். மாமாவின் கால் பலகை இருந்த இடத்துக்குப் போய் நின்றது. பிறகு இறங்கியது. கார் மெதுவாகி, சாதுவாக வளைவைத் திரும்பி, அந்தப் பக்கம் போனது.

அந்தப் பக்கம் ஒரு கடற்கரை இருந்தது. கொடிகள், கைதட்டும் ஜனம், பூச்செண்டோடு ஒரு பெண். இசை வேறு. நாங்கள் யாருமே பார்த்திராத இடம்.

"இந்த ஊர்ல ஒரு பையன்கூட இதப் பாத்ததில்ல மச்சான்" என்றார் மாமா. "நான்தான் ஆணி அடிச்சி மூடிட்டேன்." கிண்டல் செய்ய இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனால் நான் பெயர்த்த பலகையை எடுத்து ஓரமாக வைத்தேன்.

அதன்பிறகு பிரேக் பழகியது. தடைக்காலம் முடிய இன்னும் சில நாட்களே இருக்கும்போது மறுபடி டெஸ்ட். மைதானத்தில் எல்லாம் சரியாகச் செய்தார். ஒரு கூம்புகூட அசையவில்லை. "ரோட்டுல கொஞ்ச தூரம் போவலாம்" என்று இன்ஸ்பெக்டர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். சிவப்பு எழுத்தில் 'எல்' ஒட்டிய கார் கடலூர் சாலையில் ஊர்ந்தது. அக்கா ஸ்கூட்டி ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து, தொடர்ந்து போனோம். அக்கா வேண்டாத தெய்வம் இல்லை.

தவளக்குப்பம் சந்திப்பில் ஒருவர் சைக்கிளோடு குறுக்கே வந்தார். மாமா மிதித்தார். கார் கச்சிதமாக நின்றது. பின்னால் வந்த டெம்போ நிற்கவில்லை. டமால் என்று காரின் பின்பக்கத்தில் முட்டியது. நல்லவேளை, பம்பர் நசுங்கியதோடு சரி.

டெம்போ டிரைவர் குதித்து இறங்கினான். "யோவ், நடு ரோட்டுல எவன்யா பிரேக் போடறது?" என்று ஜன்னலில் தலையை விட்டவன் அப்படியே பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "அண்ணா! நீங்களா? நான்தான் செம்மல்ணா! உங்க கடையிலயே கெடப்பேனே!"

மாமா ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒளிய முடியுமா என்று பார்த்தார். செம்மல் அதற்குள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். "சார், எனக்கு ஓட்டக் கத்துக்குடுத்ததே இவருதான் சார்."

ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நாங்கள் அதற்குள் ஓடி வந்திருந்தோம். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் நசுங்கிய பம்பரைப் பார்த்தார், செம்மலைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"இவருக்கு நீங்கதான் கத்துக்குடுத்தீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் மனதுக்குள் சொல்லுங்க மாமா, சொல்லுங்க என்று கத்தினேன். மாமா ஸ்டீயரிங்கை விட்டு நிமிர்ந்தார்.

"ஆமா சார். ஆனா எனக்கு அப்ப ஓட்டத் தெரியாது சார். பிரேக்குன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது."

எனக்குத் தெரிந்து அந்த மனிதர் வாழ்க்கையில் தெரியாது என்று சொன்னது அன்றைக்குத்தான். பல் எதுவும் கொட்டவில்லை.

செம்மல் அப்போதுதான் கார் முகப்பில் இருந்த சிவப்பு எழுத்தைப் பார்த்தான். "அண்ணா, எல் போர்டா?" என்றான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

டெம்போவுக்குள் இருந்தவர்கள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். முதலில் பேண்ட் சட்டை போட்ட ஒருவர், இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இறங்கி நடந்தார். பின்னாலேயே இரண்டு காலேஜ் பெண்கள். அப்புறம் ஒரு குடும்பம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு. "ஏங்க, எங்க போறீங்க? பெரிய அடி ஒண்ணுமில்லையே!" என்று செம்மல் தவித்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியாக வெற்று மீன் கூடையோடு வீராயி என்கிற அம்மாள் இறங்கினாள். கூடை மேல் அவள் பேர் பெயிண்டில் எழுதியிருந்தது. நேராக மாமாவின் ஜன்னலுக்கு வந்தாள்.

"தம்பி, தேங்காய்த்திட்டு போவணும். மரப்பாலத்துல எறக்கி வுடுறியா?"

"அக்கா, இது டெஸ்ட் வண்டி. எனக்கு இன்னும் லைசென்ஸே கெடையாது" என்றார் மாமா, ரோடே கேட்கும்படி.

"அது எனக்கு எதுக்கு? குறுக்க ஆளு வந்தப்ப அவன் நிக்கல. நீ நின்ன."

மாமா இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் கையைப் பின்னால் நீட்டிப் பின் கதவைத் திறந்துவிட்டார்.